லிவோர்னோ துறைமுகத்தில் இறங்கி, நீங்களே கார் ஓட்டி வோல்தெர்ரா போய்வர: முழுமையான வழிகாட்டி

மத்தியதரைக் கடல் க்ரூஸில் இத்தாலியின் லிவோர்னோவில் கப்பல் நின்றால், பெரும்பாலானவர்கள் பீசா சாய்ந்த கோபுரத்துக்கும் ஃபிளாரன்ஸுக்கும் பஸ் ஏறிவிடுவார்கள். இரண்டுமே அருமையான ஊர்கள்தான். ஆனால் அதே துறைமுகத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில், டஸ்கனியின் கோதுமை மேடுகளுக்கு நடுவே வோல்தெர்ரா இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேலே, மதில் சூழ்ந்த ஊர். ரோமானியர்களுக்கு முன்பே எட்ருஸ்கர்கள் கட்டி ஆண்ட ஊர். காரில் போனால் வழியையும் சேர்த்து அனுபவிக்கலாம். நினைத்த இடத்தில் நிறுத்தி மலைச்சரிவைப் பார்க்கலாம். பஸ் பயணத்தில் அதற்கு வழியில்லை.

கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது என்பதுதான் இதில் உள்ள ஒரே பெரிய சிக்கல். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் நிற்கும், அல்லது நிறுவனமே அவர்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்க்கும். சொந்தமாகப் போனவர் தவறவிட்டால் அவர் செலவில்தான் அடுத்த துறைமுகத்துக்குப் போய் ஏற வேண்டும். அதனால் இந்தப் பயணத்தை மாலையிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும்.

முதலில்: இது உங்களுக்கு ஒத்துவருமா?

கப்பல் குறைந்தது 10 மணி நேரமாவது துறைமுகத்தில் நிற்க வேண்டும். அதற்குக் குறைவென்றால் வோல்தெர்ராவை மறந்துவிடுங்கள்; பக்கத்திலேயே நல்ல மாற்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இத்தாலியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலது கையில். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவருக்கு நேரான சாலையில் ஒன்றும் கஷ்டமில்லை. தடுமாற்றம் வருவது திரும்பும்போதும், ரவுண்டானாவிலும், பெட்ரோல் பங்கிலிருந்து மறுபடி சாலையில் ஏறும்போதும்தான். வலப்பக்கம் ஒருநாளும் ஓட்டியதே இல்லை என்றால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டிய இந்த நாள் அதைப் பழகுவதற்கான நாள் இல்லை. ஓட்டுநருடன் வண்டி எடுங்கள். நாலு பேர் பங்கு போட்டால் கட்டுப்படியாகும். இத்தாலியில் இதற்கு என்.சி.சி. என்று பெயர். துறைமுகத்துக்கே வந்து அழைத்துப்போவார்கள்.

டிசம்பரில் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மாலை நாலே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். தெரியாத மலைச்சாலையில் இருட்டில் இறங்கும்படி திட்டம் போடாதீர்கள். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பல சாலைகளில் குளிர்கால டயரோ, வண்டியில் சங்கிலியோ கட்டாயம். வாடகை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலையிலிருந்து பின்னோக்கி

கப்பல் காலை 7 மணிக்கு வந்து இரவு 7 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் கிளம்புவதற்கு அரை மணி முன்பு, அதாவது 6:30. சில கப்பல்களில் ஒரு மணி நேரம் முன்பே. முந்தின நாள் அறைக்கு வரும் தாளில் பார்த்து உறுதி செய்யுங்கள். கடிகாரம் விஷயத்திலும் கவனம் தேவை: கப்பல் நேரமும் கரை நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கப்பல் நேரத்தை.

6:30 என்றால், 5:30-க்குக் கப்பல் படியில் நிற்பதுதான் உங்கள் இலக்கு. அந்த ஒரு மணி நேரம் கையிருப்பு. அதை எதற்கும் செலவழிக்கக் கூடாது. நகரத்திலிருந்து ஷட்டில் பஸ் பிடித்துக் கப்பலுக்கு வர, காத்திருப்பையும் சேர்த்து அரை மணி. அப்படியானால் 5 மணிக்குள் கார் சாவியைக் கொடுத்திருக்க வேண்டும். பெட்ரோல் போட, நகரப் போக்குவரத்தைத் தாண்ட அரை மணி. வோல்தெர்ராவிலிருந்து லிவோர்னோ ஒன்றேகால் மணி நேரப் பயணம். நான் ஒன்றரை மணி என்றே கணக்கு வைப்பேன். ஆக, வோல்தெர்ராவில் வண்டியைக் கிளப்ப வேண்டிய நேரம் பிற்பகல் 3 மணி.

இனி காலைப் பக்கம். 8 மணிக்கு இறங்கி, 9 மணிக்கு வாடகை கவுன்டர், 9:30-க்குச் சாலையில், 11 மணிக்கு ஊருக்குள். கையில் கிடைப்பது நாலு மணி நேரம். ஒரு மலையூரை நிதானமாகப் பார்த்து, உட்கார்ந்து சாப்பிட அது போதும்.

ஒரு ஊரா, இரண்டா?

வோல்தெர்ராவிலிருந்து சான் ஜிமிஞானோ 30 கிலோமீட்டர்தான். 14 கோபுரங்கள் நிற்கும் ஊர், 1990 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று ஆசை வரும். ஆனால் அந்த 30 கிலோமீட்டர் வளைவுச் சாலை, முக்கால் மணி ஆகும். மறுபடி நிறுத்துமிடம் தேட, மேலே ஏற இன்னொரு கால் மணி. நாலு மணி நேரம் மூன்றாகக் குறைந்து, ஊருக்கு ஒன்றரை மணியாக இரண்டு ஊர். அதிலும் சாப்பாடு அடக்கம். கோபுரங்களின் கீழே ஓடி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதை ஊர் பார்த்ததாகச் சொல்ல எனக்கு மனம் வராது. கப்பல் இரவு 9 மணிக்கு மேல் கிளம்பினால் இரண்டும் சரி. இல்லாவிட்டால் ஒன்று.

ஏன் வோல்தெர்ரா? சான் ஜிமிஞானோவில் பகல் முழுக்கச் சுற்றுலா பஸ்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். வோல்தெர்ராவும் பிரபலம்தான், ஆனால் அங்கே இன்னும் மக்கள் வாழ்கிற ஊரின் சாயல் இருக்கிறது. அலபாஸ்டர் கல்லைச் செதுக்கும் பட்டறைகள் இன்றும் நடக்கின்றன. சனிக்கிழமை அங்கே வாரச்சந்தை, சான் ஜிமிஞானோவில் வியாழக்கிழமை. சந்தை நாளில் நிறுத்துமிடம் கிடைப்பது சிரமம்.

கப்பல் எட்டு மணி நேரம்தான் நிற்கிறது என்றால், தெற்கே போல்கெரிக்குப் போங்கள். பிரதான சாலையிலிருந்து ஊர்வரை ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நேர்கோட்டில் சைப்ரஸ் மரங்கள் இருபுறமும் நிற்கும். அதைத் தாண்டிக் காஸ்தஞேத்தோ கார்தூச்சி என்ற சிறிய மலையூர். ஏறக்குறைய முழுவதும் நல்ல சாலை, முக்கால் மணியில் போய்விடலாம். உங்கள் கப்பல் லிவோர்னோவுக்குப் பதிலாக ரோமின் துறைமுகமான சிவிதாவெக்கியாவில் நின்றால், மிகப் பக்கத்தில் இருப்பது தர்குவீனியா. யுனெஸ்கோ 2004-இல் பட்டியலில் சேர்த்த, சுவரோவியங்கள் கொண்ட எட்ருஸ்கக் கல்லறைகள் அங்கேதான் இருக்கின்றன.

சொந்த ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய ஓட்டுநர் உரிமம் என்றால் பொதுவாக அதனுடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் உங்கள் ஆர்.டி.ஓ. மூலம் வாங்கலாம்; ஓராண்டு செல்லும். அது தனியாகச் செல்லாது, மூல உரிமமும் கையில் இருக்க வேண்டும். கவுன்டரில் யாரும் கேட்காமல் வண்டியைக் கொடுத்துவிடலாம். ஆனால் சாலையில் போலீஸ் நிறுத்தினால் கேட்பார்கள், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரரும் கேட்பார்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. கப்பல் நடுவே துருக்கி போன்ற ஷெங்கன் அல்லாத நாட்டுக்குப் போய்த் திரும்புகிறது என்றால் பலமுறை நுழையும் விசா வாங்குங்கள். சில கப்பல்களில் பயணிகளின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் முந்தின நாள் மாலையே வரவேற்பு மேசையில் கேட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள். கார் எடுக்க அது தேவைப்படும்.

காரை முன்பதிவு செய்யும்போது நாலு விஷயம் பாருங்கள். இத்தாலியில் சாதாரணமாகக் கிடைப்பது கையால் கியர் மாற்றும் வண்டி. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் தெளிவாகக் குறிப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். வாடகை கூடும், ஆனால் வலப்பக்கச் சாலைக்குப் புதியவருக்கு அந்தப் பணம் வீண் இல்லை. அடுத்தது அளவு: இருப்பதிலேயே சின்ன வண்டி போதும், பெட்டிகள் எல்லாம் கப்பலில்தானே இருக்கின்றன. மூன்றாவது, கிரெடிட் கார்டு. ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும், டெபாசிட்டுக்காக ஒரு பெரிய தொகையை அதில் நிறுத்திவைப்பார்கள். டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள்.

நாலாவது, அலுவலக நேரம். இதில்தான் பல திட்டங்கள் உடைகின்றன. லிவோர்னோவில் கப்பல் நிற்கும் துறையில் கார் கவுன்டர் கிடையாது. அலுவலகங்கள் நகரத்துக்குள் இருக்கின்றன. இத்தாலியில் இப்படிப்பட்ட சிறிய அலுவலகங்கள் மதியம் இரண்டு மூன்று மணி நேரம் மூடுவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை பல திறப்பதே இல்லை. ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, ஆகஸ்ட் 15 ஆகியவை நாடு முழுக்க விடுமுறை. உங்கள் கப்பல் அப்படிப்பட்ட நாளில் வந்தால் பீசா விமான நிலையத்தில் எடுக்கலாம். அங்கே வாடகை நிறுவனங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஆனால் லிவோர்னோவிலிருந்து அங்கே போய்ச்சேர, திரும்பிவர நேரம் போகும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பதிவு செய்யும்போதே அலுவலகத்துக்கு எழுதி, துறைமுகத்திலிருந்து அழைத்துப்போக வண்டி அனுப்புவார்களா என்று கேளுங்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, வாடகையோடு வரும் அடிப்படைக் காப்பீட்டில் ஒரு குறிப்பிட்ட தொகைவரை சேதம் உங்கள் தலையில்தான். டயரும் கண்ணாடியும் பெரும்பாலும் அதில் அடங்காது. மலையூர்ச் சந்துகளில் உரசல் சாதாரணம் என்பதால், அந்தத் தொகையை முழுக்க ஈடுகட்டும் காப்பீட்டை எடுப்பதே மன நிம்மதி.

துறைமுகத்திலிருந்து சாலை வரை

லிவோர்னோ சரக்குத் துறைமுகமும் கூட. கன்டெய்னர் லாரிகள் ஓடும் பகுதி என்பதால் உள்ளே நடந்துபோக அனுமதியில்லை. ஷட்டில் பஸ் உங்களை நகர மையத்தில் பியாட்சா கிராந்தே பக்கம் இறக்கிவிடும். இறங்கியதும் அந்த நிறுத்தத்தைப் போட்டோ எடுத்து, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். அன்றைய கப்பல் தாளில் துறைமுக ஏஜென்டின் (கரையில் கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதி) தொலைபேசி எண் இருக்கும். அதையும் போனில் படமெடுத்து வையுங்கள்.

போனைப் பற்றி: கப்பலில் இருக்கும்வரை விமானப் பயன்முறையிலேயே வையுங்கள், கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கில் இணைந்துவிட்டால் கட்டணம் எக்கச்சக்கம். வரைபடத்தை முதல் நாளே ஆஃப்லைனில் இறக்கிவிடுங்கள்.

வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று வீடியோ எடுங்கள். பம்பரின் கீழ்ப்பகுதி, சக்கர விளிம்பு, பக்கக் கண்ணாடிகள் எல்லாம் வர வேண்டும். பெட்ரோல் முள்ளும் ஓடிய கிலோமீட்டரும் தெரிகிற மாதிரி ஒரு படம். ஒப்பந்தத்தில் ஏற்கெனவே உள்ள கீறல்கள் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். முக்கோண எச்சரிக்கைப் பலகையும் ஒளிரும் மேலங்கியும் வண்டியில் இருக்க வேண்டும். பெட்ரோலா டீசலா என்பதைக் கேட்டு, மூடியிலும் பாருங்கள்: வட்டத்துக்குள் எழுதியிருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் என்றால் டீசல். பங்கிலும் அதே குறிதான். பிறகு நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் கியர், விளக்கு, வைப்பர் எல்லாம் தொட்டுப் பழகுங்கள்.

சாலை

வோல்தெர்ராவுக்கு இரண்டு வழி. ஃபிளாரன்ஸ் செல்லும் ஃபி-பி-லி விரைவுச்சாலையில் போய்ப் பொந்தெதேராவில் தெற்கே திரும்புவது ஒன்று. கட்டணம் இல்லை, ஆனால் பழுது வேலையும் நெரிசலும் அடிக்கடி. எனக்குப் பிடித்தது மற்றது: ஏ12 நெடுஞ்சாலையில் தெற்கே ரோசிஞானோ, அங்கிருந்து நாலுவழிச் சாலையில் சேசினா, பிறகு எஸ்.ஆர். 68 சாலையில் கிழக்கே. திருப்பங்கள் குறைவு, குழப்பமும் குறைவு. சேசினாவைத் தாண்டி ஆற்றுப் பள்ளத்தாக்கில் நேராகப் போய், உப்பெடுக்கும் ஊரான சாலினே தி வோல்தெர்ரா வந்ததும் ஏற்றம் ஆரம்பிக்கும். கடைசி ஏழெட்டு கிலோமீட்டர் முழுக்க வளைவுகள். பின்னால் உள்ளூர்க்காரர் நெருக்கினால் பதற்றப்பட வேண்டாம், ஒதுங்க இடம் வந்ததும் விட்டுவிடுங்கள்.

ஏ12-இல் கட்டணச்சாவடி வரும். சீட்டு தரும் இயந்திரம் இருந்தால் சீட்டை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். மஞ்சள் எழுத்தில் டெலிபாஸ் என்று மட்டும் போட்ட வரிசையில் நுழையாதீர்கள், அது தானாகக் கட்டணம் கட்டும் கருவி பொருத்திய வண்டிகளுக்கு. நாணயமும் நோட்டும் வரைந்த வரிசையோ, கார்டு வரிசையோ உங்களுக்கு.

வேக வரம்பு ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் 90, நாலுவழிப் பிரதான சாலையில் 110, ஏ என்ற எழுத்துள்ள நெடுஞ்சாலையில் 130. பலகையில் குறைவாக இருந்தால் பலகை சொல்வதுதான். சின்ன ஊர்களுக்குள் நுழையும் இடத்தில் வேகக் கேமராக்கள் நிறைய. ஊருக்கு வெளியே பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக் கூடாது. ரவுண்டானாவில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழி விட வேண்டும். ஓட்டுபவருக்கு மதுவின் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், நான் சொல்வது, ஓட்டுகிறவர் தொடவே வேண்டாம்.

இசட்.டி.எல்.: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

இத்தாலியின் பழைய ஊர்களில் மையப்பகுதிக்குள் வெளியார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. அந்த எல்லைதான் இசட்.டி.எல். வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம், கீழே நேரம். காவலரும் தடுப்பும் இருக்காது; கேமரா உங்கள் எண்ணைப் படமெடுக்கும், அவ்வளவுதான். மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று வந்தால் தடை அமலில் இருக்கிறது, நுழையக் கூடாது. முன்னால் ஒரு வண்டி போகிறதே என்று பின்னால் போகாதீர்கள், அவர் அங்கே குடியிருப்பவராக இருக்கலாம். ஒவ்வொரு முறை கடந்ததற்கும் தனித்தனி அபராதம்.

தப்பிக்க எளிய வழி ஒன்று உண்டு. வரைபடச் செயலியில் ஊரின் பெயரைப் போடாதீர்கள். போட்டால் அது உங்களை நேரே ஊரின் நடுச்சதுக்கத்துக்கு இழுத்துப்போகும். நிறுத்துமிடத்தின் பெயரைப் போடுங்கள். வோல்தெர்ராவில் வசதியானது பியாட்சா மார்திரி தெல்லா லிபெர்தா பக்கம் உள்ள நிலத்தடி நிறுத்துமிடம். அது நிரம்பியிருந்தால் வடக்கே தோச்சியோலா. அங்கிருந்து ஊருக்குள் வர நிறையப் படி ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களை முதலில் மேலே இறக்கிவிட வழி பாருங்கள். சான் ஜிமிஞானோ போகிறவர்களுக்கு வாசலுக்கு மிக அருகில் பி2 மோந்தெமாஜ்ஜோ, அதனாலேயே முதலில் நிரம்புவதும் அதுதான். தள்ளி இருப்பதும் விலை குறைந்ததும் பி1 ஜுபிலேயோ.

தெருவில் நிறுத்தினால் கோட்டின் நிறம் பாருங்கள். வெள்ளை இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் ஒதுக்கப்பட்டது. வெள்ளையிலும் நேரக் கட்டுப்பாடு இருக்கலாம், பக்கத்துப் பலகையைப் படியுங்கள். லிவோர்னோ நகரத்திலும் இசட்.டி.எல். பகுதிகள் உண்டு, திரும்பும்போது அவசரத்தில் சந்துகளில் புகுந்துவிட வேண்டாம்.

ஊருக்குள் நாலு மணி நேரம்

கல் பாவிய ஏற்ற இறக்கத் தெருக்கள். பிடிமானமுள்ள செருப்பு அவசியம். நிலத்தடி நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வந்தால் போர்த்தா அல்லார்கோ பக்கம்தான். எட்ருஸ்கர் காலத்து வாயில், மேலே காற்றிலும் மழையிலும் முகம் தேய்ந்துபோன மூன்று தலைகள். 1944-இல் ஜெர்மன் படையினர் இதை வெடிவைத்துத் தகர்க்க இருந்தார்கள். ஊர் மக்கள் தெருவில் பாவிய கற்களையே பெயர்த்தெடுத்து, ஒரே நாளில் வாயிலை அடைத்து, இதன் வழியாக எந்தப் படையும் வர முடியாது என்று காட்டிக் காப்பாற்றினார்கள். அதைத் தெரிந்துகொண்டு அந்தத் தெருவில் நடப்பது வேறு அனுபவம்.

அங்கிருந்து ஏறினால் பியாட்சா தெய் பிரியோரி. 1208-இல் கட்டத் தொடங்கிய நகர மண்டபம் டஸ்கனியிலேயே மிகப் பழையது. பிறகு வடக்கு மதில் தெருவுக்குப் போங்கள். கீழே ரோமானிய நாடக அரங்கம் முழுதாகத் தெரியும், மேலிருந்து பார்க்கக் கட்டணமில்லை. 1950-களில்தான் அதைத் தோண்டி வெளியே கொண்டுவந்தார்கள்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் டிக்கெட் வாங்குவீர்கள் என்றால் குவார்னாச்சி அருங்காட்சியகத்துக்கு வாங்குங்கள். 1761-இல் தொடங்கியது. இறந்தவர்களின் சாம்பலை வைத்த அறுநூறுக்கும் மேற்பட்ட எட்ருஸ்கப் பேழைகள், பலவற்றின் மூடியில் சாய்ந்து படுத்த உருவம். அவற்றில் வயதான தம்பதி ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கும் பேழையின் முன் நின்று பாருங்கள். அப்புறம் 'மாலை நிழல்' என்று அழைக்கப்படும், 57 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குச்சிபோல் நீண்ட வெண்கலச் சிறுவன். இதற்கு முக்கால் மணி ஒதுக்குங்கள்.

மதியச் சாப்பாடு உணவகங்களில் பெரும்பாலும் 12:30 முதல் 2:30 வரை. ஒரு மணிக்கு மேல் கூட்டம், 12:30-க்கே உட்கார்ந்துவிடுங்கள். பில்லில் ஆளுக்கு ஒரு சிறிய தொகை 'கோபெர்தோ' என்று வரும், அது மேசைக் கட்டணம். அந்தப் பகுதியில் காட்டுப்பன்றி இறைச்சி பிரபலம். சைவம் என்றால் தக்காளியும் ரொட்டியும் சேர்ந்த பாப்பா அல் பொமதோரோ கேளுங்கள், இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு.

2:40-க்குப் போனில் அலாரம். நிறுத்துமிடக் கட்டணத்தை வண்டி ஏறும் முன் இயந்திரத்தில் கட்ட வேண்டியிருக்கும், அதற்குச் சில்லறை வைத்திருங்கள்.

திரும்பும்போது

வந்த வழியிலேயே திரும்புங்கள், புது வழி தேட இது நேரமில்லை. கிளம்பும் முன் செயலியில் நெரிசல் எப்படி என்று பாருங்கள். பெட்ரோலை லிவோர்னோவுக்குள் நுழையும் முன்பே போட்டுவிடுவது நல்லது. 'ஃபாய் தா தே' என்பது நாமே போட்டுக்கொள்வது, 'செர்வீத்தோ' ஆள் போடுவது, விலை கூடுதல். ஆளில்லாத இயந்திரத்தில் கார்டு போட்டால் நீங்கள் போட்டதை விடப் பெரிய தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும், பிறகு விடுவிக்கும். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் வண்டி நின்றுவிட்டால் மேலங்கியைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். முதல் அழைப்பு வாடகை நிறுவனத்துக்கு, இரண்டாவது துறைமுக ஏஜென்டுக்கு. விபத்து என்றால் 112. ஏஜென்டுக்குச் சீக்கிரம் சொன்னால் கப்பலில் இருக்கும் உங்கள் பொருள்கள் பற்றியும் அடுத்த துறைமுகம் பற்றியும் அவரால் ஏற்பாடு செய்ய முடியும்.

அலுவலகத்தில் சாவியைக் கொடுக்கும்போது ஊழியர் வண்டியைப் பார்த்து, சேதமில்லை என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். யாருமில்லாமல் பெட்டியில் சாவி போட வேண்டியிருந்தால் காலையில் எடுத்த அதே வீடியோவை மறுபடி எடுங்கள்.

அந்தத் தாள்களையும் படங்களையும் ஊருக்கு வந்தபின் அழித்துவிடாதீர்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்குப் போக்குவரத்து அபராத அறிவிப்பு அனுப்ப இத்தாலியில் 360 நாள் அவகாசம் உண்டு. முதலில் வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்கான கட்டணத்தைக் கார்டில் எடுக்கும். அது அபராதம் இல்லை. அபராதம் தனிக் கடிதமாக வரும். கடிதம் கையில் கிடைத்து ஐந்து நாளுக்குள் கட்டினால் பெரும்பாலான அபராதங்களில் 30 சதவீதம் குறையும்.